செவிலியரை உருவாக்கும் செவிலியர் எங்கே?

கல்லணையிலிருந்து பிரியும் ஆறுகளும் கால்வாய்களும் பாயும் பூதலூர் வட்டம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி என்னும் இரண்டு மருத்துவ நகரங்களுக்கு நடுவே, ரயில் பாதையை ஒட்டி அமைந்திருப்பதால், பெரிய மருத்துவமனை எட்டாத பகுதி என்று அதைச் சொல்ல முடியாது. ஆயினும் இவ்வட்டத்துக் கிராமங்களில் கருவுற்ற பெண்ணின் ரத்த அழுத்தத்தைத் தவறாமல் பார்ப்பவரும், குழந்தைக்குத் தடுப்பூசி போடுபவரும், சர்க்கரை நோய்க்கான மாத்திரையை ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டாரா என்று வீடு தேடிப்போய் விசாரிப்பவரும் மருத்துவர் அல்லர். மக்கள் 'நர்சம்மா' என்று அழைக்கும் கிராம சுகாதார செவிலியரும், ஆரம்ப சுகாதார நிலையத்தின் பணிச் செவிலியருமே அந்த வேலைகளைச் செய்கின்றனர். அவர்களுடைய கைத்திறனும் ஆபத்தை முன்கூட்டி உணரும் அறிவும் எந்த அளவில் இருக்கும் என்பது, அவர்கள் பணியில் சேர்வதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, ஏதோ ஒரு பயிற்சிப் பள்ளியின் வகுப்பறையிலும் வார்டிலும் முடிவாகிவிடுகிறது. மருத்துவமனையில் செவிலியர் பணியிடம் காலியாக இருந்தால் நோயாளியின் உறவினர் சத்தம் போடுவார், நாளேடு எழுதும், சட்டமன்றத்தில் கேள்வி எழும். ஆனால் செவிலியருக்குக் கற்பிக்கும் ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும்போது, மாணவியர் எப்படியோ தேர்வெழுதித் தேர்ச்சியும் பெற்றுவிடுவதால், யாரும் குரல் எழுப்புவதில்லை. சுகாதாரத் துறையின் பற்றாக்குறைகளிலேயே மிகவும் அமைதியானது இதுதான். அதனாலேயே நீண்ட காலமாகத் தீராததும் இதுதான்.

இந்தப் பற்றாக்குறையைப் பற்றிப் பேசும்போது, படித்தவர்கள் போதவில்லை என்னும் விளக்கமே முதலில் சொல்லப்படுகிறது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அந்த விளக்கம் பாதிதான் பொருந்தும். சென்னை கிண்டியிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் செவிலியப் பட்டதாரிகள் ஆயிரக்கணக்கில் வெளிவருகின்றனர். முதுகலை முடிப்போரும் இருக்கவே செய்கின்றனர். அவர்கள் ஆசிரியப் பணிக்கு வராததற்கும், வந்தவர் நிலைக்காததற்கும் காரணம், கற்பித்தலைத் தனித் தொழிலாக ஏற்று, அதற்கென ஒரு படிநிலையும் ஊதியமும் மரியாதையும் வகுக்க அரசின் கொள்கை இதுவரை முன்வராததே. கட்டடத்துக்கும் மாணவர் இடங்களுக்கும் அரசாணை பிறக்கிறது. ஆசிரியருக்கு அதே வேகத்தில் பிறப்பதில்லை.

நூற்றைம்பது ஆண்டு வரலாறு

செவிலியக் கல்வியில் தமிழகம் பின்தங்கிய மாநிலம் அன்று. 1854-லேயே சென்னையில் பேறுகாலத் தாதியருக்கான பயிற்சி தொடங்கியது. இந்தியாவின் முதல் செவிலியர் பயிற்சிப் பள்ளி எனக் குறிப்பிடப்படும் பள்ளி, 1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் உருவானது. செவிலியரையும் மகப்பேற்றுத் தாதியரையும் பதிவுசெய்வதற்கான சென்னை மாகாணச் சட்டம் 1926-இல் வந்தது. நாட்டு அளவில் பயிற்சியின் தரத்தை ஒருமுகப்படுத்தும் இந்திய செவிலியர் கவுன்சில் சட்டம் 1947-இல்தான் இயற்றப்பட்டது என்பதை நினைத்தால், சென்னை எவ்வளவு முந்தியிருந்தது என்பது விளங்கும்.

விடுதலைக்கு முந்தைய ஆண்டில் அறிக்கை அளித்த போர் குழு, அதாவது நாட்டின் சுகாதார நிலையை ஆராய ஜோசப் போர் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, இந்தியா முழுமைக்கும் ஏறத்தாழ 7,000 செவிலியரே இருப்பதாகக் கணக்கிட்டு, 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்னும் விகிதத்தைப் பதிவுசெய்தது. அதே 1946-இல் டெல்லியிலும் வேலூரிலும் செவிலியத்துக்கான பட்டப்படிப்பு தொடங்கப்பட்டது. பட்டப்படிப்பு ஏன் தேவைப்பட்டது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. படுக்கையருகில் நின்று பணிவிடை செய்வதற்குச் சான்றிதழ்ப் பயிற்சியே போதும் என்று கருதியவர் அப்போதும் பலர் இருந்தனர். ஆனால் பிறரைப் பயிற்றுவிக்கவும் வார்டுகளை நிர்வகிக்கவும் வல்ல செவிலியர் வேண்டுமானால் பல்கலைக்கழகக் கல்வி இன்றியமையாதது என்னும் எண்ணமே அந்தக் கல்லூரிகளுக்கு அடிப்படையாக இருந்தது. ஆக, செவிலியர் பட்டம் என்பது தோற்றத்திலேயே ஆசிரியரை உருவாக்கும் நோக்கத்தோடு பிறந்தது.

அதன்பின் நாற்பது ஆண்டுகள் கழித்து, 1987-இல், செவிலியத் தொழிலின் நிலையை ஆராய்வதற்கென நடுவண் அரசு அமைத்த உயர்நிலைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் தமிழகத்தின் சமூகத் தொண்டரும், முன்னாள் முதலமைச்சர் பக்தவத்சலத்தின் மகளுமான சரோஜினி வரதப்பன். 1989-இல் வெளிவந்த அவ்வறிக்கை, செவிலியக் கல்வியைப் படிப்படியாகப் பட்டநிலைக்கு உயர்த்த வேண்டும் என்றும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளோடு இணைந்த பயிற்சிப் பள்ளிகளைக் கல்லூரிகளாக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு இந்திய செவிலியர் கவுன்சில், ஜி.என்.எம். எனப்படும் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பின் சேர்க்கையை 2020-21-ஆம் கல்வியாண்டோடு நிறுத்திவிட்டுப் பள்ளிகளையெல்லாம் கல்லூரிகளாக உயர்த்தப்போவதாக அறிவித்து, பிறகு அதை ஒத்திவைக்க நேர்ந்தது. பள்ளியின் பெயர்ப்பலகையைக் கல்லூரி என மாற்றுவது எளிது. பட்டயம் கற்பித்துக்கொண்டிருந்த இடத்தில் முதுகலை பெற்ற ஆசிரியரைக் கொண்டுவந்து அமர்த்துவது அத்தனை எளிதன்று.

157 கல்லூரிகளின் கணக்கு

செவிலியர் கல்லூரி ஒன்றுக்கு எத்தனை ஆசிரியர் வேண்டும் என்பதற்குக் கவுன்சிலின் விதி தெளிவாக இருக்கிறது: பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர். கல்லூரி ஆசிரியர் வரிசை, பயிற்றுநர் எனப்படும் ட்யூட்டரில் தொடங்கி உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று ஏறி, முதல்வரில் முடிகிறது. ட்யூட்டராக இளங்கலைப் பட்டத்தோடும் சிறிது பணி அனுபவத்தோடும் சேரலாம் என்றாலும், அதற்கு மேலுள்ள ஒவ்வொரு படிக்கும் எம்.எஸ்சி. பட்டமும் குறிப்பிட்ட ஆண்டுகள் கற்பித்த அனுபவமும் கட்டாயம். ஆண்டுக்கு 60 பேரைச் சேர்க்கும் நான்காண்டுக் கல்லூரியில் மொத்தம் 240 மாணவர் இருப்பர் என்பதால், அங்கே 24 ஆசிரியர் இருந்தாக வேண்டும்.

இந்த விதியை வைத்துக்கொண்டு அண்மைக்கால அறிவிப்பு ஒன்றைப் பார்க்கலாம். 2014-க்குப் பிறகு தொடங்கப்பட்ட 157 மருத்துவக் கல்லூரிகளின் வளாகங்களிலேயே 157 செவிலியர் கல்லூரிகளை அமைக்க, 2023 ஏப்ரலில் நடுவண் அமைச்சரவை 1,570 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. இவற்றின் வழியே ஆண்டுக்கு 15,700 பட்டதாரிகள் உருவாவர் என்றும் சொல்லப்பட்டது. அதாவது கல்லூரிக்குப் பத்துக் கோடி ரூபாய், ஆண்டுக்கு நூறு இடங்கள். நான்கு ஆண்டுகளிலும் மாணவர் நிரம்பும்போது ஒவ்வொரு கல்லூரியிலும் 400 பேர் இருப்பர். அவர்களுக்கு 40 ஆசிரியர் வேண்டும். 157 கல்லூரிகளுக்குமாகச் சேர்த்தால் 6,280 பேர். தமிழகத்தின் பங்காகக் குறிக்கப்பட்ட 11 கல்லூரிகளுக்கு மட்டும் 440 ஆசிரியர் தேவைப்படுவர். இந்தப் பதினொன்றும் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட புதிய மருத்துவக் கல்லூரிகளைச் சார்ந்தவை. காவிரி டெல்டாவின் நாகப்பட்டினமும், கொள்ளிடத்துக்கு அப்பாலுள்ள அரியலூரும் அவற்றுள் அடங்கும். பத்துக் கோடி ரூபாயில் கட்டடம் எழும்பும், ஆய்வகத்தில் பயிற்சிப் பொம்மைகளும் வந்து சேரும். ஆண்டுதோறும் 40 பேருக்கு ஊதியம் கொடுப்பது மாநிலத்தின் பொறுப்பாக நிற்கும். ஒருமுறைச் செலவை நடுவண் அரசு ஏற்க, நிரந்தரச் செலவு மாநிலத்தின் தலையில் விழும் திட்டங்களில் முதலில் வெட்டுப்படுவது எப்போதும் ஆசிரியர் பணியிடமே என்பது, செவிலியத்துக்கு மட்டும் உரிய கதையன்று.

கால அளவையும் சேர்த்துப் பார்த்தால் நெருக்கடி இன்னும் தெளிவாகும். பிளஸ் டூ முடித்த மாணவி ஒருவர் நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்று, முதுகலைச் சேர்க்கைக்குத் தேவையான ஓராண்டுப் பணி அனுபவத்தையும் ஈட்டி, இரண்டாண்டு முதுகலையையும் முடிக்கக் குறைந்தது ஏழு ஆண்டுகள் ஆகும்; கற்பித்த அனுபவமும் சேர்ந்து பதவி உயர்வுக்குத் தகுதி பெறப் பத்தாண்டு. கல்லூரியைக் கட்டி முடிக்கக் கொடுக்கப்பட்ட அவகாசமோ 24 மாதங்கள். இந்த இடைவெளியை நிரப்புவதற்கு இரண்டே வழிகள்தாம் உண்டு: ஏற்கனவே இயங்கும் கல்லூரியிலிருந்து ஆசிரியரை அயற்பணியில் அழைத்துக்கொண்டு அங்கே புதிய பள்ளத்தை உருவாக்குவது, அல்லது காகிதத்தில் மட்டும் ஆசிரியரைக் காட்டுவது.

காகித ஆசிரியர்

இரண்டாவது வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மத்தியப் பிரதேசம் காட்டிவிட்டது. போதிய மருத்துவமனை வசதியும் ஆசிரியரும் இல்லாமலேயே கல்லூரிகள் இயங்குவதாகவும், ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இடம்பெறுவதாகவும் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், அம்மாநில உயர்நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. ஆய்வுக்கு உட்பட்ட 308 கல்லூரிகளில் 169 மட்டுமே தகுதியுடையவை என்று சி.பி.ஐ. அறிக்கை அளித்தது, பிறகு அந்த ஆய்வை நடத்திய அதிகாரிகள் சிலரே லஞ்சம் பெற்றதாக 2024 மே மாதம் கைதானதால், தகுதியுடையவை எனப்பட்டவையும் மறு ஆய்வுக்கு உள்ளாயின. 66 கல்லூரிகளை மூட அம்மாநில அரசு உத்தரவிட்டது. அது வடநாட்டுக் கதை என்று தமிழகம் ஆறுதல் கொள்வதற்கில்லை. 2024 ஜூலையில், அண்ணா பல்கலைக்கழக இணைவு பெற்ற பொறியியல் கல்லூரிகளில் ஒரே பேராசிரியர் பல கல்லூரிகளில் முழுநேரம் பணியாற்றுவதாகக் கணக்குக் காட்டப்பட்டதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்தது. பொறியியலில் போலி ஆசிரியரால் கெடுவது பட்டத்தின் மதிப்பு; செவிலியத்தில் கெடுவது யாரோ ஒருவரின் நரம்பில் ஏற்றப்படும் மருந்தின் அளவு.

தனியார் கல்லூரியில் ஆசிரியர் நிலைக்காததற்கான காரணம் ரகசியமன்று. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் பற்றி உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் அளித்த உத்தரவின்பேரில் அமைக்கப்பட்ட குழு, சிறிய மருத்துவமனையிலும் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனையில் அரசுச் செவிலியருக்கு இணையாக இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையே பரவலாக நடைமுறைக்கு வரவில்லை என்பது ஒருபுறம் இருக்க, அது பேசியது மருத்துவமனைச் செவிலியரைப் பற்றி மட்டுமே. வகுப்பறையில் நிற்கும் செவிலியர் அதன் வரம்புக்குள் வரவில்லை.

அரசுப் பக்கத்திலும் நிலைமை வேறு வகையில் சிக்கலானது. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் வென்று பணியில் சேர்ந்த ஆயிரக்கணக்கான செவிலியர் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில், அதாவது படிகளோ ஆண்டு உயர்வோ இல்லாத மொத்த ஊதியத்தில், பணியாற்றி, 2017 நவம்பரில், சுகாதாரத் துறை இயக்ககங்கள் இயங்கும் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடினர். காலமுறை ஊதியத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஒருவருக்கு, விடுப்பெடுத்து, சொந்தச் செலவில் முதுகலை படித்து, ஆசிரியராகும் எண்ணம் எப்படி எழும்? அரசுப் பயிற்சிப் பள்ளிகளில் நர்சிங் ட்யூட்டர் என்னும் பதவி இருந்தாலும், வார்டிலிருந்து வகுப்பறைக்கு மாறுவதால் கூடும் வருவாயும் மதிப்பும் சொல்லிக்கொள்ளும்படி இல்லாதபோது, அந்த இடமாற்றம் தொழில் உயர்வாகத் தெரிவதில்லை.

இவற்றுக்கு மேல் வெளிநாட்டின் ஈர்ப்பு இருக்கிறது. உலக சுகாதார அமைப்பு 2025-இல் வெளியிட்ட செவிலியர் நிலை அறிக்கை, 2023-இல் உலக அளவில் 58 லட்சம் செவிலியர் பற்றாக்குறை இருந்ததாக மதிப்பிட்டது. அந்தப் பற்றாக்குறையை வளைகுடாவும் பிரிட்டனும் ஜெர்மனியும் இந்தியச் செவிலியரைக் கொண்டு ஈடுசெய்கின்றன. தமிழக அரசே 1978-இல் நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் வழியே செவிலியரை வெளிநாடுகளுக்கு அனுப்பிவருகிறது. அதில் தவறு ஏதுமில்லை. டெல்டாவின் எத்தனையோ விவசாயக் குடும்பங்களைக் கடனிலிருந்து மீட்டது மகளின் வெளிநாட்டுச் சம்பளம். ஆனால் அனுபவம் முதிர்ந்தவர் எல்லாரையும் அனுப்பிவிட்டு, கற்பிக்க ஆளில்லை என்று வருந்தும் அரசு, களத்து நெல் முழுவதையும் விலைக்கு அளந்துவிட்டு அடுத்த பட்டத்துக்கு விதைநெல் தேடும் குடியானவரின் நிலையில்தான் இருக்கிறது. ஐந்தாண்டு, பத்தாண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்புவோரை ஆசிரியராக ஏற்பதற்கான வழியும் இதுவரை வகுக்கப்படவில்லை. அவர்களுடைய வெளிநாட்டு அனுபவத்தைப் பணிமூப்பில் கணக்கிடும் ஒரு விதி போதும், ஒரு பகுதியினரேனும் வருவர்.

வேலூர் காட்டிய வழி

தீர்வுக்கான முன்மாதிரி தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1909-இல் செவிலியர் பள்ளியும் 1946-இல் பட்டப்படிப்பும் வந்தன. அங்கே வளர்ந்த நடைமுறை, கல்வியையும் மருத்துவமனைப் பணியையும் ஒன்றிணைப்பதாகும்: செவிலியர் கல்லூரியில் கற்பிக்கும் பேராசிரியரே மருத்துவமனையின் ஒரு பிரிவுக்குச் செவிலியப் பொறுப்பாளராகவும் இருப்பார். இரட்டைப் பொறுப்பு எனப்படும் இம்முறையால் விளையும் பயன்கள் பல. காலையில் வகுப்பில் விளக்கிய தொற்றுத் தடுப்பு முறை மதியம் வார்டில் கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதற்கு ஆசிரியரே பொறுப்பு என்பதால், பாடநூல் ஒன்று, நடைமுறை வேறொன்று என்னும் பிளவு குறைகிறது; ஆசிரியருக்குக் கைப்பழக்கம் விட்டுப்போவதில்லை; வார்டின் பணிச் செவிலியரும் மாணவியரைத் தொந்தரவாகக் கருதாமல் தம் குழுவினராகக் கருதுகின்றனர். ஆசிரியர் பற்றாக்குறையின் கோணத்திலிருந்து பார்த்தால் இன்னொரு பயனும் உண்டு. கற்பித்தலைத் தேர்ந்தெடுப்பவர் மருத்துவமனைப் பதவி உயர்வை இழக்க வேண்டியதில்லை. நிர்வாகத்தில் உயர விரும்புபவரும் கற்பித்தே உயர வேண்டியிருக்கும்.

அரசு அமைப்பில் இதற்கு நேர்மாறான நிலை நிலவுகிறது. மருத்துவக் கல்வியில் பேராசிரியரே வார்டின் தலைமை மருத்துவர் என்பதை யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. அதே வளாகத்தில் செவிலியக் கல்வி மட்டும் மருத்துவமனையிலிருந்து பிரிந்து, வகுப்பெடுப்பவர் ஒருபுறமும் வார்டை நடத்துபவர் மறுபுறமுமாக நிற்கிறது. வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவிக்கு உண்மையில் கற்றுக்கொடுப்பவர், பல படுக்கைகளை ஒருவராகக் கவனித்துக்கொண்டிருக்கும் பணிச் செவிலியர்தான். அந்தக் கற்பித்தலுக்கு ஊதியமும் இல்லை, பணிப்பதிவேட்டில் இடமும் இல்லை. அவரைக் களப் பயிற்றுநராக முறைப்படி அறிவித்து, குறுகிய பயிற்சி கொடுத்து, அதற்கெனச் சிறப்புப் படி வழங்கி, அந்த ஆண்டுகளைக் கற்பித்த அனுபவமாகக் கணக்கிட்டால், ஆசிரியர் பணிக்கு வரக்கூடியோரின் எண்ணிக்கை ஒரே அரசாணையில் பெருகும். மற்றெந்தச் சீர்திருத்தத்தையும்விட இதுவே மலிவானதும் விரைவானதும் ஆகும்.

முதுகலைப் படிப்புக்கும் தமிழகத்தில் நல்லதோர் முன்னுதாரணம் இருக்கிறது. அரசு மருத்துவர்களுக்கு முதுகலை இடங்களில் ஒதுக்கீடு கொடுத்து, படிப்பு முடிந்தபின் அரசுப் பணியிலேயே தொடர வேண்டும் என்று உறுதிமொழி வாங்கும் முறையால்தான் மாவட்டத் தலைநகர மருத்துவமனைகளிலும் சிறப்பு மருத்துவர் கிடைக்கின்றனர். அத்தகைய ஒதுக்கீட்டை வழங்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்ததும் தமிழக மருத்துவ அலுவலர் சங்கம் தொடுத்த வழக்கில்தான். மருத்துவருக்காக இவ்வளவு தூரம் போராடிய மாநிலம், பணியிலிருக்கும் செவிலியரை முழு ஊதியத்தோடு எம்.எஸ்சி.க்கு அனுப்புவதை அதே அக்கறையோடு எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஆசிரியர், பயிற்சிக் களம், நிதி ஆகியவை போதாமையால் 2021-இல் மட்டும் தகுதியுள்ள 91,938 விண்ணப்பங்களைச் செவிலியர் கல்லூரிகள் திருப்பியனுப்பின. அங்கே நடுவண் அரசின் கடன் திட்டம் ஒன்று, முதுகலையோ முனைவர் பட்டமோ படித்துவிட்டு நான்கு ஆண்டுகள் முழுநேரம் கற்பிப்பவருக்குக் கல்விக் கடனில் 85 விழுக்காடு வரை தள்ளுபடி செய்கிறது. வெறும் ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக் கட்டிப்போடுவதைவிட, தங்கினால் ஆண்டுதோறும் பயன் கூடும் என்னும் அமைப்பே ஆசிரியரை நிறுத்திவைக்கும்.

காகித ஆசிரியரை ஒழிப்பதற்கும் கருவி இல்லாமல் இல்லை. கவுன்சில் நடத்தும் தேசியப் பதிவேட்டில் செவிலியருக்குத் தனி அடையாள எண் வழங்கப்படுகிறது. ஓர் எண் ஒரே கல்லூரியில்தான் இடம்பெற முடியும் என்று மென்பொருளையே கட்டுப்படுத்தி, அந்தப் பட்டியலை மாணவரும் பெற்றோரும் பார்க்கும்படி வெளியிட்டு, ஆசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பவே சேர்க்கை இடங்களைத் திறந்தால், ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் ஆசிரியர் நிரம்பும் வழக்கம் முடிவுக்கு வரும். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் நிறைவேறிய தேசிய செவிலியர் மற்றும் மகப்பேற்றுச் செவிலியர் ஆணையச் சட்டம், கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரவரிசை வழங்கத் தனி வாரியத்துக்கு இடமளித்திருக்கிறது. மாறாக, ஆசிரியர் கிடைக்கவில்லை என்பதற்காகத் தகுதி விதிகளைத் தளர்த்துவது, அவ்வப்போது எல்லா மாநிலங்களிலும் எழும் கோரிக்கை. அது பற்றாக்குறையைத் தீர்க்காமல் புள்ளிவிவரத்திலிருந்து மட்டும் நீக்கும்.

மூன்று இயக்ககங்கள்

மீண்டும் டெல்டாவின் தரையில் நின்று இதைப் பார்த்தால், கொள்கையின் முடிச்சு எங்கே இருக்கிறது என்பது தெரியவரும். சமூக சுகாதாரச் செவிலியம் என்பது முதுகலையின் ஐந்து முதன்மைப் பிரிவுகளில் ஒன்று. கிராமத்தில், வீடுகளில், பள்ளிகளில் நோய் வருமுன் காப்பதைக் கற்பிப்பது அது. சம்பா நடவுக் காலத்தில் பாம்புக்கடி, பூச்சிக்கொல்லி தெளிப்பவரின் மூச்சுத்திணறல், வெயிலில் களையெடுக்கும் கருவுற்ற பெண்ணின் நீரிழப்பு ஆகியவற்றைத் தஞ்சாவூரில் படிக்கும் மாணவி பாடநூலில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. பூதலூர் போன்றதொரு வட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில், அந்த மக்களை அறிந்த ஆசிரியரோடு சில வாரங்கள் இருந்தாக வேண்டும். எய்ம்ஸ் மருத்துவமனைக்காகத் தமிழகம் முன்மொழிந்த ஐந்து இடங்களில் ஒன்றாக இப்பகுதியின் செங்கிப்பட்டி இருந்து, 2018-இல் அந்த வாய்ப்பு மதுரையின் தோப்பூருக்குப் போனபோது இங்கே எழுந்த ஏமாற்றம் பெரிது. ஆனால் செவிலியக் கல்விக்கான பயிற்சிக் களமாக மாறுவதற்கு எய்ம்ஸ் தேவையில்லை, நிரந்தரமாகத் தங்கிக் கற்பிக்கும் இரண்டு மூன்று ஆசிரியர் போதும்.

அப்படி ஒரு பணியிடத்தை உருவாக்கும் கோப்பு எந்த வழியில் போக வேண்டும் என்பதுதான் அடுத்த கேள்வி. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த செவிலியர் பயிற்சிப் பள்ளி மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகிறது. வட்ட மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்துக்கு உரியவை. ஆரம்ப சுகாதார நிலையமும் அதன் துணை நிலையங்களும் பொது சுகாதார இயக்ககத்தின் பொறுப்பில் இருக்கின்றன. செவிலியர் சங்கங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் தனிச் செவிலியர் இயக்ககம் அமையாத வரையில், பள்ளியில் வகுப்பெடுத்து, பூதலூரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாணவியரோடு பணியாற்றும் ஓர் ஆசிரியருக்கு எந்த இயக்ககம் ஊதியம் கொடுக்கும், யார் விடுப்பு அனுமதிப்பார், எந்தப் பட்டியலில் அவருடைய பதவி உயர்வு வரும் என்னும் மூன்று கேள்விகளுக்கும் மூன்று அலுவலகங்கள் தனித்தனியே குறிப்பெழுத வேண்டியிருக்கும்.